பாறைப் பக்கத்து சீட்டு

கடலோரச் சாலையில் நாள் கணக்கில் பயணம் போய், வழி முழுக்கப் பாறையை மட்டும் பார்த்துக்கொண்டு போன ஆள் யாராவது உண்டா என்று கேட்டால், உண்டு, நான்தான். பாறை என்றால் தூரத்தில் தெரிகிற மலை இல்லை. சாலை போடுவதற்காக வெட்டிவிட்ட பாறை. ஜன்னலைத் திறந்து கையை நீட்டினால் முழங்கை சிராய்த்துவிடும், அவ்வளவு பக்கம். சாம்பல் நிறம், அதில் நடுநடுவே வெள்ளைக் கோடு. நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவள். ஓய்வு பெற்ற மறு வாரமே மறுபடியும் சாம்பலில் வெள்ளைக் கோடு பார்க்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருந்தால் யாரை நொந்துகொள்வது? யாரை என்று எனக்கு இப்போது நன்றாகவே தெரியும்.

எக்ஸ்ரே அறைக்கு ஜன்னல் கிடையாது. கதிர் வெளியே போகக் கூடாதென்று கதவுக்குள்கூட ஈயத் தகடு வைத்திருப்பார்கள். வெளியே மழையா வெயிலா என்று வருகிற நோயாளியின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். "மூச்சை நல்லா இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்லிச் சொல்லியே என் வயது போயிற்று. அந்த அறைச் சுவரில் ஒரு காலண்டர் படம் வைத்திருந்தேன். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவே வளைந்து வளைந்து போகிற சாலை. காலண்டரில் வருஷம் முடிந்த பிறகும் படத்தை மட்டும் வெட்டி ஒட்டிவைத்தேன். கூட வேலை செய்தவர்கள் பிரிவு உபசாரத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, சுவர்க்கடிகாரம் எல்லாம் வேண்டாம், இதுதான் வேண்டும் என்று அந்தப் படத்தைக் காட்டினேன்.

நல்ல பிள்ளைகள். ரத்தப் பரிசோதனைக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு எனக்கு ஒரு வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்துக் கொடுத்தார்கள். சினிமாக்காரர்கள் கேரவன் என்பார்களே, அதே மாதிரி. உள்ளேயே படுக்கை, அடுப்பு, கழுவும் தொட்டி, குளியலறை எல்லாம் உண்டு. நானும் என் கணவரும் மட்டும் போவதாகத்தான் பேச்சு. ஜன்னல் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், பக்கத்திலேயே கடல் ஓடிக்கொண்டே வரும். இறங்கி நின்று பார்ப்பது வேறு, அதை யார் வேண்டுமானாலும் எந்தக் கரையிலும் செய்யலாம். எனக்கு வேண்டியது ஜன்னலில் மணிக்கணக்காக ஓடுகிற கடல்.

என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வண்டி விஷயத்தை அன்று சாயங்காலமே அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

"நாலு பேர் படுக்கலாமாம். அண்ணனும் அண்ணியும் வரட்டுமே. அண்ணனே ஆசைப்பட்டுக் கேட்டுட்டார், எப்படி வேணாம்னு சொல்றது?" என்றார்.

எங்கள் கல்யாணம் ஆனதிலிருந்து நான் கேட்டுவருகிற பாட்டு இது. அண்ணன் சொல்லிட்டார். அண்ணன் கேட்டுட்டார். அண்ணனுக்குப் பிடிக்காது. அந்த அண்ணனை வீட்டில் எல்லாரும் பெரியவர் என்போம். தீயணைப்பு வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். மீசையும் குரலும் இன்னும் ஓய்வு பெறவில்லை. எனக்கு முன்னால் அவர் எதற்கும் அதட்டியதாக நினைவில்லை, ஆனால் எங்கள் வீட்டில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் அவர் வாக்குத்தான் என்று என் கணவர் சொல்லிச் சொல்லி, அவரைக் கண்டாலே எனக்கு எரியும்.

என் மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் போட்ட சட்டம் மட்டும் இருக்கிறது. சின்ன வயதில் அண்ணனும் தம்பியும் ரயிலில் ஜன்னலுக்கு அடித்துக்கொள்வார்களாம். அதனால் அவர் ஒரு விதி வைத்தார். வீட்டை விட்டுக் கிளம்பும்போது யார் எந்த சீட்டில் உட்கார்ந்தார்களோ, திரும்பி வீடு வந்து சேர்கிற வரைக்கும் அதுதான் அவர்கள் சீட்டு. அழுதாலும் மாற்றக் கூடாது. மண்டை நரைத்த பிறகும் இந்த இரண்டு பேரும் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். கல்யாணத்துக்கு வேன் வைத்துப் போனாலும் அதே கதைதான்.

கிளம்பிய அன்று கடல் எந்தப் பக்கம் வரும் என்று முதலிலேயே பார்த்து, வலது பக்கப் பெரிய ஜன்னலோரம் மேஜைக்குப் பின்னால் இருந்த இருக்கையில் என் பையை வைத்தேன். வைத்துவிட்டு, வண்டியை வாடகைக்கு விட்டவன் தண்ணீர்த் தொட்டியையும் காஸ் குழாயையும் காட்டுகிறேன் என்று கூப்பிட்டதால் இறங்கிப் போனேன். வேறு யாருக்கும் அதைத் தெரிந்துகொள்ள அக்கறை இல்லை. திரும்பி வந்து பார்த்தால் என் பை தரையில் இருந்தது. என் இடத்தில் ஓரகத்தி, பெரியவரின் மனைவி, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இருவர் உட்காரும் இருக்கையில் மீதி இடத்தில் அவள் கால்.

"மூட்டு வலிம்மா. மடக்க முடியல" என்றாள்.

அந்த மூட்டைப் போன வருஷம் நான்தான் படம் எடுத்தேன். இரண்டு பக்கமும் எடுத்தேன். அதில் ஒரு குறையும் இல்லை.

"அக்கா, நான் பை வச்சிருந்தேனே."

முன் சீட்டிலிருந்து பெரியவர் திரும்பினார். "பை உக்காந்தா சீட்டு ஆயிடுமா? ஆளுல்ல உக்காரணும். அப்பா இருந்தப்பவும் அதான் கணக்கு."

என் கணவர் ஓட்டுநர் இருக்கையில் கண்ணாடியைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தார். அவ்வளவு நேரம் எந்தக் கண்ணாடியையும் யாரும் சரிசெய்து நான் பார்த்ததில்லை. வண்டியையாவது பெரியவர் ஓட்டுவார் என்று பார்த்தால், "வேலைக்காலம் பூரா ஓட்டியாச்சு, நான் லீவுல இருக்கேன்" என்று சொல்லிவிட்டு முன்னால் சாய்ந்துகொண்டார். எனக்கு மிச்சமிருந்தது இடது பக்கம், அடுப்பை ஒட்டிய ஒற்றை சீட்டு. அதற்கும் ஜன்னல் உண்டு. அதில்தான் பாறை.

சரி, எழுந்து நின்று வலது பக்கம் பார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். வண்டி ஓடும்போது பெல்ட்டை அவிழ்க்கக் கூடாது. உட்கார்ந்தபடி எட்டிப் பார்த்தேன். அப்போதுதான் என் ஓரகத்தி செய்த காரியத்தைக் கண்டேன். கண் கூசுகிறதாம், தலை வலிக்கிறதாம். ஜன்னல் திரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் இழுத்துவிட்டு, வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். கடலின் மடியில் உட்கார்ந்துகொண்டு கடலை மூடிவைத்துவிட்டுத் தூங்குகிறவளை என்ன செய்யலாம்?

முன்னால் மட்டும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. "ஆஹா, பாருடா தம்பி, என்ன நீலம்!" என்பார் பெரியவர். "ஆமாண்ணே" என்பார் தம்பி. "அந்தத் தீவைப் பாரு!" "ஆமாண்ணே." நான் வெள்ளைக் கோட்டைப் பார்த்தேன். ஒரு இடத்தில் பாறையிலிருந்து தண்ணீர் கசிந்தது. அன்றைய நாளில் நான் கண்ட இயற்கைக் காட்சி அதுதான். நிறுத்துகிற இடங்களிலாவது பார்க்கலாமென்றால், நிறுத்தியதும் சக்கரத்துக்குக் கட்டை வைக்கணும், காஸைத் திறக்கணும், கழிவுத் தண்ணீர் வாளியைப் பார்க்கணும். எல்லாம் யாருக்குத் தெரியும்? அன்று கேட்டுத் தெரிந்துகொண்டவளுக்குத்தான் தெரியும். நான் கையைத் துடைத்துக்கொண்டு இறங்குவதற்குள் பெரியவர் மணியைப் பார்த்து, "ஏறுங்க ஏறுங்க" என்பார்.

முதல் நாள் மதியமே என் கணவரை வண்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன்.

"நான் எதுக்கு வந்தேன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"கோவப்படாதே. யோசிச்சுப் பாரு. திரும்பி வர்றப்ப கடல் எந்தப் பக்கம் வரும்? உன் பக்கம்தானே? அதுவும் நாம இடது பக்கம் போறதால கடலை ஒட்டியே போவோம். இப்ப அவங்களுக்கு நடுவுல எதிர் வண்டி வர்ற பாதி ரோடு மறைக்குது. உனக்கு மறைக்க எதுவும் இருக்காது. உனக்குத்தான் அசல் காட்சி."

கணக்கு வாத்தியார் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அந்த ஒரு வாக்கை வைத்துக்கொண்டு நான் பல்லைக் கடித்தேன். ஒவ்வொரு வளைவுக்கும், திரும்பி வரும்போது இந்த இடத்தில் கடல் எப்படித் தெரியும் என்று மனசுக்குள் படம் போட்டுக்கொண்டே போனேன். ஓரகத்தி குறட்டை விட்டாள். விடட்டும் என்று இருந்தேன்.

சாலை முடிகிற இடத்தில் ஒரு முனையும் கலங்கரை விளக்கமும் இருந்தன. அங்கே தங்கினோம். காற்று ஆளைத் தள்ளியது, கண்ணைத் திறக்க முடியவில்லை. பரவாயில்லை, நாளைக்கு என் ஜன்னல் என்று இருந்தேன். விடிந்து எல்லாரும் மேஜையைச் சுற்றி டீ குடிக்கும்போது பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"திரும்பிப் போறப்ப ஹைவேல போயிடலாம். இந்த ரோடு வளைவு ஜாஸ்தி. வண்டியோ பெருசு. ஹைவேன்னா சாயங்காலத்துக்குள்ள வீடு."

நான் டம்ளரை மேஜையில் வைத்தேன். "வீட்டுக்கு என்ன மாமா அவசரம்? வண்டி இன்னும் நம்மகிட்டதானே இருக்கு? நாம வந்ததே இந்த ரோட்டுக்குத்தானே?"

"அதான் பாத்தாச்சே" என்றார் பெரியவர், டம்ளரைப் பார்த்துக்கொண்டு.

"நீங்க பாத்தீங்க. நான் பாக்கலை."

"எனக்கும்தான் திரும்பிப் போறப்ப வெறும் பாறை தெரியும். நான் ஏதாவது சொன்னேனா?" என்றாள் ஓரகத்தி. போகும்போது திரையைத் தவிர எதையும் பார்க்காதவள் சொல்கிறாள்!

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் ரொட்டியில் வெண்ணெயைத் தடவினார். மூலை முடுக்கெல்லாம் தடவினார். "அண்ணன் சொல்றதும் நியாயம்தானே" என்றார்.

அதற்குமேல் நான் பேசவில்லை. பேசியிருந்தால் அந்த வண்டி மேற்கூரை இல்லாமல்தான் திரும்பியிருக்கும். பாத்திரத்தைக் கழுவிவைத்தேன், காஸை மூடினேன், கட்டையை எடுத்தேன். முனையிலிருந்து புதர்க்காடு வழியாகக் கொஞ்ச தூரம் வந்தால் சாலை இரண்டாகப் பிரியும். ஒன்று கடலோரமாகப் போகிறது, மற்றது உள்ளே ஹைவேக்குப் போகிறது. பிரிகிற இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க். டீசல் போட நிறுத்தினார்கள். எதிரே ஹைவே பஸ் நிற்கிற நிழற்குடை இருந்தது.

நான் இறங்கினேன். பின்பக்க அறையைத் திறந்து, பெரியவரின் பெட்டியை வெளியே இழுத்தேன். ஓரகத்தியின் பெட்டியையும் இழுத்தேன். இரண்டையும் உருட்டிக்கொண்டு போய் நிழற்குடைக்குள் வைத்துவிட்டு வந்தேன். பங்க்கில் டீசல் போடுகிறவன் குழாயைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னம்மா இது?" என்று பெரியவர் இறங்கினார்.

"அவசரம் உள்ளவங்க பஸ்ல போகலாம் மாமா. இது எக்ஸ்ரே டிபார்ட்மென்ட்ல எனக்குக் குடுத்த வண்டி. இது கடல் ரோட்டுலதான் போகும். என் வாழ்க்கைல நீங்க முடிவு பண்ணது போதும். இன்னிக்கு ஒரு நாள் நான் பண்றேன்."

"உன் வாழ்க்கைல நான் என்ன முடிவு பண்ணேன்?"

நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். "ஏன், இன்னிக்குக் காலைல ஹைவேன்னு சொன்னது யாரு?"

பெரியவர் முகம் சிவந்துவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. வண்டிக்கு அந்தப் பக்கம் டயரைக் குனிந்து ஆராய்ந்துகொண்டிருந்த தம்பியைப் பார்த்தார். "டேய், நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

"விடுங்கண்ணே" என்றார் என் கணவர்.

"என்னத்த விடுறது? என் பொட்டி நடு ரோட்டுல நிக்குது!" பெரியவர் என் பக்கம் திரும்பினார். "நேத்து உன் புருஷன்தான் என்னைத் தனியா கூப்பிட்டு, 'அண்ணே, ஹைவேன்னு நீங்க சொல்லிடுங்க, நீங்க சொன்னா அவ எதுவும் பேச மாட்டா'ன்னான். எனக்கு இந்த ரோடு பிடிச்சிருக்கும்மா. நான் ஏன் வேணாங்கறேன்?"

கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒன்றொன்றாகப் புரிய ஆரம்பித்தது, அதுதான் இன்னும் மோசம்.

"அப்ப இந்தப் பயணத்துக்கு நீங்களா கேட்டு வந்தீங்க?"

"நானா? இவன்தான் வாங்க வாங்கன்னு உயிரை எடுத்தான்."

"பக்கத்து ஊர் ஸ்கேன் சென்டர்ல எனக்குப் பெரிய வேலை வந்துச்சே, அதை வேணாம்னு சொன்னது?"

"எந்த ஸ்கேன் சென்டர்?"

அவர் முகத்தைப் பார்த்தேன். எலும்பு முறிந்ததா இல்லையா என்று படம் பார்த்த கண் இது. அந்த முகத்தில் பொய் இல்லை. அவருக்கு அப்படி ஒரு வேலை வந்ததே தெரியாது.

"எங்க வீட்டு மாடியில ரூம் கட்ட வேணாம்னு?"

"உங்க வீட்டு மாடில ரூம் கட்டினா எனக்கென்னம்மா?"

வண்டிக்குள்ளிருந்து ஓரகத்தி தலையை நீட்டினாள். "இவர் சொல்லி எங்க வீட்டுல குழம்புல உப்புகூட மாறினதில்ல. உங்க வீட்டுல வந்து என்னத்தை மாத்திட்டாரு?"

பெரியவர் அவமானப்பட்டவர் மாதிரி நின்றார். "தம்பி என்னைப் பெரிய மனுஷனா வச்சிருக்கான்னு எனக்கும் ஒரு பெருமைதான், பொய் சொல்லலை. இவனுக்காக அங்கங்க ஒண்ணு ரெண்டு வார்த்தை சொல்லியும் இருக்கேன். ஆனா நீ ஏன் என்னைப் பாத்தாலே முகத்தைத் தூக்குறேன்னு எனக்கு இப்பத்தான் புரியுது."

நான் டயர் பக்கம் போனேன். என் கணவர் எழுந்து நின்றார். கையெல்லாம் கறுப்பாக இருந்தது.

"ஏன் ஹைவே?" என்று கேட்டேன்.

"பயமா இருந்துச்சு" என்றார். "வர்றப்பவே எதிர்ப் பக்கத்தைப் பாத்தேன். அந்தப் பக்கம் தடுப்பே இல்ல. கீழே நேரா கடல். இவ்வளவு பெரிய வண்டியை அந்த ஓரத்துல என்னால ஓட்ட முடியாது. ஸ்டீயரிங்கைப் பிடிச்சா கை நடுங்கும்னு தெரியும்."

பயம் ஒன்றும் குற்றம் இல்லை. கட்டுமஸ்தான ஆட்கள் எக்ஸ்ரே மேஜையில் படுத்ததும் நடுங்குவார்கள், நான்தான் தோளைத் தட்டிக்கொடுத்துப் படுக்கவைப்பேன். பயமாக இருக்கிறது என்று முதல் நாள் மதியம் வண்டிக்குப் பின்னால் என்னிடம் சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன், சிரித்துவிட்டு வேறு வழி பார்த்திருப்பேன். அதை விட்டுவிட்டு, கடல் உன் பக்கம் வரும் என்று எனக்கு வாக்கும் கொடுத்து, வராமல் பண்ண ஆளும் பிடித்து, அந்த ஆளின் மேல் என்னைக் காய வைத்து, நடுவில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே! ஸ்கேன் சென்டர் வேலைக்கு எதற்குப் பயந்தார்? மாடி அறைக்கு எதற்குப் பயந்தார்? இதையெல்லாம் நான் கேட்டேன். அந்தப் பங்க்கில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்டேன். அவர் கறுப்பான கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாவியைக் குடு" என்றார் பெரியவர்.

"அண்ணே, நீங்க லீவுல..."

"லீவு முடிஞ்சுது. குடு. தண்ணி நிரப்பின வண்டியை இதைவிடக் குறுகலான சந்துல கொண்டுபோனவன் நான்." பிறகு என்னிடம், "பொட்டியை எடுத்து வை. இல்ல, வேணாம், நானே எடுத்துட்டு வர்றேன்" என்று நிழற்குடைக்குப் போனார்.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. என் பையைத் தரையில் போட்டதை நியாயம் என்று சொன்னது அவர்தானே? அந்தக் கோபம் அதன் இடத்தில் அப்படியே இருக்கிறது. ஆனால் இத்தனை வருஷம் அவர் மேல் நான் அள்ளிக் கொட்டியதில் முக்கால்வாசிக்கு உரியவர் என் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறார்.

கடலோரச் சாலையில் திரும்பினோம். முன் சீட்டில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார என் கணவருக்குத் தெம்பு இல்லை, அது பள்ளத்துக்கு நேர் மேலே. அவர் பின்னால் வந்தார். ஓரகத்தி முதல்முறையாகக் காலை மடக்கினாள். மடக்க நன்றாகவே வந்தது. அவர் அந்த மிச்ச இடத்தில் ஒடுங்கி உட்கார்ந்து மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

என் ஜன்னலில் கடல் வந்தது. முதலில் கொஞ்சம், பிறகு ஒரு வளைவு தாண்டியதும் முழுசாக. பக்கத்தில் சாலையே தெரியவில்லை, நேராகத் தண்ணீர்தான். கீழே அலை பாறையில் வந்து மோதுவது சத்தமில்லாமல் தெரிந்தது. தண்ணீர் ஒரே நீலமாக இல்லை. ஆழம் மாறுகிற இடத்தில் கோடு போட்டாற்போல் பச்சை ஆகிறது, இதைக் காலண்டரில் யாரும் காட்டவில்லை. வண்டி வளைந்தால் கடல் பின்னால் போகும், அடுத்த வளைவில் மறுபடியும் வந்து நிற்கும். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். கோபத்தோடுதான் பார்த்தேன், கண்ணீரும் வந்தது, எதற்காக என்று கேட்டால் கடலுக்கும் கோபத்துக்கும், இரண்டுக்கும்தான். பெரியவர் மெதுவாக, ஆட்டமில்லாமல் ஓட்டினார். ஆஹா ஓஹோ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்கு எதிரே மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. என் கணவரின் முகம் வெளுத்திருக்கும், வியர்த்திருக்கும். திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. இன்னும் ஒரு வளைவு போனது. அவர் முன்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அண்ணே, எங்கயாவது கொஞ்சம் நிறுத்துங்கண்ணே. அவ நிறுத்தச் சொல்றா."

நான் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் சொல்லலை மாமா" என்றேன். "நீங்க ஓட்டுங்க."